அம்புக்குறியும் அதன் வழுவும்

கணினித் திரையில் ஓடித் திரியும் சிறிய அம்புக்குறியை அறியாத நேயர்கள் இன்று மிகச் சிலரே. மேசைமீதுள்ள சுட்டியைக் கை நகர்த்த, திரையில் குறி நகரும் இவ்விந்தையை, 1968ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பொறியியலாளர் பேரவை ஒன்றின் முன்னே செய்து காட்டினார். அது பழகிப்போன பொருளாகிவிட்ட இந்நாளில், அம்பு பிழைபட்டாலன்றி அதனை நாம் நினைப்பதில்லை. அப்பிழை எங்ஙனம் தோன்றுகின்றது, எங்ஙனம் களையப்படுகின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

திரையில் எதனை எங்கே காட்டுவது என்று தீர்மானிக்கும் மென்பொருளைக் காட்சிச் சேவையகம் என்பர். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் 1984இல் தொடங்கப்பெற்ற ‘எக்ஸ்’ இவற்றுள் புகழ் பெற்றது. அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. அதன் வழியில் வந்ததே எக்ஸ்.ஆர்க் சேவையகம். 2008இல் தொடங்கிய ‘வேலண்ட்’ என்பது பிற்கால முறை. இவற்றின் மூலநிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. விரும்பியவர் படிக்கலாம்; திருத்தலாம்; திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம்.

அம்புக்குறி திரையிலுள்ள ஏனைய படங்களைப் போன்றதன்று. பெரும்பாலும் வரைகலை வன்பொருளே அதனைத் தனியொரு சிறு படமாக வைத்துக்கொண்டு, திரைப்படிமத்தின்மேல் ஒட்டிக் காட்டுகின்றது. அது இயலாதபோது மென்பொருளே அம்பை வரையும். வரையுமுன் அவ்விடத்திலிருந்ததைச் சேமித்து, அம்பு அகன்றதும் மீண்டும் அங்கே வைக்கும். இச்செயல் தவறினால், அம்பு சென்ற வழியெல்லாம் அதன் சுவடுகள் எஞ்சி நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. குறியின் படம் பல புள்ளிகளால் ஆனது. ஆயினும் அவற்றுள் ஒரு புள்ளியே நாம் தொடும் இடமாகக் கணக்கிடப்படுகின்றது. 24 புள்ளி அகலமும் 24 புள்ளி உயரமும் உள்ள சிலுவை வடிவக் குறிக்கு அவ்விடம் நடுவிலே, மேலிருந்தும் இடமிருந்தும் 12ஆம் புள்ளியில், இருக்கின்றதெனக் கொள்வோம். கண்பார்வை குன்றிய ஒருவர் அதனை இருமடங்காகப் பெரிதாக்குகிறார். படம் 48 புள்ளியாகின்றது. தொடுமிடமும் 24ஆம் புள்ளிக்குப் பெயரவேண்டும். நிரலில் அப்பெருக்கல் விடுபட்டால், கண் ஓரிடத்தைக் காண, கணினி 12 புள்ளி மேலும் இடமுமாக வேறோரிடத்தைத் தொடும். ‘சேமி’ என்பதைக் குறிவைத்தவர் அயலிலுள்ள ‘அழி’ என்பதைத் தொட்டுவிடலாம். எவருக்குத் துணையாக அவ்வசதி அமைந்ததோ, அவரே அதனால் அல்லலுறுவார்.

இவ்வழுவைத் தேடுவோர் முதலில் அது எப்போது நிகழ்கின்றதென்று கண்டு, அதே படிகளால் அதனை மீண்டும் மீண்டும் வரவழைக்கின்றனர். வரவழைக்க இயலாத வழுவைத் தீர்த்தோமென்று உறுதி கூறல் அரிது. திரையைக் கணினியாலேயே படம்பிடித்தாற் பல வேளைகளில் பிழை அகப்படாது. வன்பொருள் ஒட்டிய அம்பு அப்படத்தில் அடங்குவதில்லை. கைத்தொலைபேசியால் திரையைப் படம்பிடித்தலே அப்போது சான்றாகும்.

அடுத்து, எக்ஸ்.ஆர்க்கின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, அம்பை மென்பொருளே வரையுமாறு செய்வர். பிழை மறைந்தால், வன்பொருள் வழியிலோ அதன் இயக்கியிலோ குற்றம் உண்டென்று ஐயுறலாம். மறையாவிடின் கணக்கிடும் பகுதியை ஆராய வேண்டும். பிழை மறைந்ததோடு அமைவது, இலக்கணத்தார் கூறும் வழுவமைதி போன்றது. வழு அங்கேயே இருக்க, நாம் அதனைப் பொறுத்துக்கொள்கிறோம்.

முன்பு நன்றாயிருந்து பின்பு கெட்டதெனின், இடையே செய்த மாற்றங்களை ஆராயலாம். 2005இல் தோன்றிய ‘கிட்’ என்னும் கருவி அவற்றைப் பாதி பாதியாகப் பகுத்துச் சோதிக்க உதவுகின்றது. ஆயிரம் மாற்றங்களிலும் குற்றமுள்ள ஒன்றை ஏறத்தாழப் பத்துச் சோதனைகளிற் கண்டுவிடலாம்.

திருத்தம் ஒரே வரியாக இருக்கக்கூடும். எனினும் அதன் காரணம் எழுதப்பட்டு, வேறொருவர் அதனை ஆராய்ந்த பின்னரே ஏற்கப்படும். ஒரு திரையில் நேரான அம்பு, இரு திரைகளிலோ, பக்கவாட்டில் திருப்பிய திரையிலோ கோணலாகலாம் அன்றோ!

மூலம் திறந்திருப்பதால் மட்டும் வழு தானே நீங்கிவிடாது. இன்ன கணினியில், இன்ன அமைப்பில், இன்னது செய்தபோது இது நிகழ்ந்ததென்று ஒருவர் தெளிவாக எழுதினாலன்றித் திருத்துவோர் அதனை அறியார். நிரல் எழுதத் தெரியாதவரும் அப்பணியைச் செய்யலாம். அவர் எழுதும் சில வரிகள், அவர் என்றுமே காணாத பலருடைய திரைகளில் அம்பை நேராக்கும்.