ஓசையற்ற ஓடமும் விரால் குடும்பமும்

இராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கம் ஏரி, பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது (கி.பி. 9-ஆம் நூற்றாண்டு) என்பர். பாலாற்று நீரால் நிரம்பும்போது அதன் ஆழம் 30 அடியைத் தாண்டும். இத்தகைய பேரேரிகளில், கரையில் நிற்பவனின் தூண்டில் எட்டாத கோரைப் புதர்களிலேதான் பெரிய மீன் ஒதுங்கும். அதனை அணுகச் சிற்றோடம் வேண்டும்.

வடதுருவத்து இனுயிட் மக்கள் வேட்டைக்கென 'கயாக்' என்னும் ஒற்றையாள் ஓடத்தை அமைத்தனர். மரத்தாலோ எலும்பாலோ ஆன சட்டத்தின்மீது கடல்நாய்த் தோலைப் போர்த்தினர். நம் பரிசலும் அதற்கு உறவே. மூங்கிற் பின்னலின்மேல் முற்காலத்தில் மாட்டுத்தோலைப் போர்த்தினர். தோலின் பயனை நம் வட்டாரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை! இவ்விரு ஓடங்களின் சிறப்பும் ஓசையின்மையே. இயந்திரப் படகு மீனை விரட்டும். துடுப்போ அருகில் கொண்டு சேர்க்கும்.

அருகில் செல்ல வல்லவனுக்குப் பொறுப்பும் மிகுதி. மழைக்காலத்தில் விராலின் செம்மஞ்சள் குஞ்சுகள் நீர்மட்டத்தில் மொய்க்கும். பெற்ற மீன் அடியில் நின்று காவல் புரியும். நெருங்கும் எதனையும் அது பாய்ந்து தாக்கும். இதனை அறிந்த தூண்டிற்காரர் சிலர், குஞ்சுக் கூட்டத்தையே அடையாளமாகக் கொண்டு அங்கே தூண்டிலை வீசுவர். பிள்ளைப் பாசமே அதற்கு எமனாகிறது! காவலிழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகும்.

ஒரு வேளைக் குழம்புக்காக நாளைய விரால்களை இழக்கலாமா? குஞ்சுகளைக் கண்ட இடத்தில் துடுப்பைத் திருப்புவோம்; நம் பிள்ளைகளுக்கும் அதனைக் கற்பிப்போம்.