வீட்டு வாத்தியங்கள் – 9: முதுமை எய்திய டிஜிட்டல் பியானோ

தந்தி பூட்டிய பியானோவுக்கு ஆண்டுதோறும் சுருதி கூட்ட வேண்டியிருப்பதன் காரணங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். டிஜிட்டல் பியானோவுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் சுருதியை நிர்ணயிப்பது ஒரு சிறு குவார்ட்ஸ் படிகமாதலால், மழைக்காலத்து ஈரமும் கோடை வெப்பமும் காதுக்குப் புலப்படும் அளவில் அதை அசைப்பதில்லை. அதன் நாதமோ எளிதில் அழியாத ரோம் சில்லில் பதிந்து கிடக்கிறது. ஆகவே, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய இவ்வாத்தியத்தில் சில கட்டைகள் பேச மறுத்தவுடன், ஆயுள் முடிந்ததென்று பழைய சாமான் கடைக்கு அனுப்ப முற்படுவோரைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. பெரும்பாலும் அங்கே மூப்படைந்திருப்பது வாத்தியமன்று, கட்டைக்கும் மின்சுற்றுக்கும் நடுவே கிடக்கும் ரப்பர் பட்டையேயாகும்.

இதன் சூட்சுமத்தைச் சற்று விவரமாகவே சொல்லவேண்டும். ஒவ்வொரு கட்டையின் அடியிலும், கரிப்பூச்சுள்ள இரண்டு ரப்பர் குமிழ்கள், ஒன்று சற்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் மின்பலகையைத் தொடுமாறு அமைக்கப்பட்டிருக்கின்றன. இவ்விரு தொடுதல்களுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தே, வாசிப்பவர் மெல்லத் தொட்டாரா வலிய அடித்தாரா என்பதைக் கருவி அறிந்துகொள்கிறது. தூசியோ எண்ணெய்ப் பசையோ படிந்து முதற்குமிழ் தாமதமாகத் தொடுமானால், இடைவேளை குறுகி, மெல்லத் தொட்ட ஸ்வரமும் அலறலாய் வெளிப்படும். இரண்டாவது குமிழ் தொடாமலே போனால் ஸ்வரமே எழாது. அழுக்கினால் ஓசை கூடுவது பலருக்கு வியப்பளிக்கும் விஷயம். ஆனால் காரணம் இவ்வளவுதான். சீரான இடைவெளியில் பல கட்டைகள் ஒருசேர ஊமையானால் மட்டும் ரப்பரைக் குறைகூறலாகாது. 88 கட்டைகளின் 176 தொடுமுனைகளும் தனித்தனிக் கம்பிகளின்றிக் குறுக்கும் நெடுக்குமான சில தடங்களில் பின்னப்பட்டிருப்பதால், அங்கே ஒரு தடமோ பட்டைக் கம்பியோ அறுந்திருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

சிகிச்சை பொறுமையைக் கேட்குமேயன்றிப் பெரும் பாண்டித்தியத்தைக் கேட்பதில்லை. மின் இணைப்பை நீக்கி, திறக்கும் ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்துக்கொண்டு, ரப்பர் பட்டையை மெதுவாக உரித்தெடுத்து, பலகையின் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த, நூல் பிரியாத துணியால் துடைத்து, கரிக்குமிழ்களை உலர்ந்த துணியால் அழுத்தமின்றி ஒற்றி எடுத்தால் போதும். பூட்டு, கீல்களுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பான்களை இங்கே பிரயோகிப்பது பெரும் தீங்கு. கரிப்பூச்சே தேய்ந்துவிட்டதென்றால் புதிய பட்டை வாங்குவதைத் தவிர வழியில்லை.

மற்றவை சில்லறை உபாதைகள். ஒலி அளவைக் கூட்டும் நழுவு பொத்தான் கரகரப்பதும், ஹெட்போன் துளையின் உள்தகடு ஒட்டிக்கொண்டு ஸ்பீக்கர் மௌனமாவதும் சுலபமாகத் தீர்பவை. அடாப்டர் விஷயத்தில் மாத்திரம் மிகுந்த ஜாக்கிரதை தேவை: வோல்ட் பொருந்தினாலும் நேர்முனையும் எதிர்முனையும் மாறினால் கருவி பழுதாகும், ஜப்பானிய உள்நாட்டு விற்பனைக்கென்று 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதை நமது 230 வோல்ட்டில் நேராகச் செருகினாலோ முற்றும் கெடும்.

பழைய கருவியின் நாதம் இன்றைய காதுக்கு மெலிந்து கேட்கிறது என்பாரும் உளர். அவர்களுக்கு ஒரு நற்செய்தி. யமாஹாவின் கிளாவினோவா என்னும் டிஜிட்டல் பியானோ வெளிவந்த அதே 1983-இல் அறிமுகமான, மின்வாத்தியங்களை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி என்னும் பொது ஏற்பாடு இன்றும் வழக்கிலிருப்பதால், பின்புறம் ஐந்து முனை மிடி துளை இருக்குமாயின், ஒரு சிறு யுஎஸ்பி இணைப்பினால் அதைக் கணினியோடு சேர்த்து, புதிய பியானோ நாதங்களைப் பழைய கட்டைகளாலேயே வாசிக்கலாம். நல்ல எடையுள்ள கட்டைகள் கொண்ட பழைய கருவி, எடையற்ற கட்டைகளோடு வரும் புதிய மலிவுக் கருவியைவிட, விரல் பழகும் மாணவனுக்கு மேலானது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

அடுத்த வாரம் பெடல்களைப் பற்றி ஆராய்வோம். அதற்குள், வீட்டில் இத்தகைய வாத்தியம் வைத்திருக்கும் அன்பர்கள் ஒவ்வொரு கட்டையையும் மெல்ல ஒரு முறையும் வலிய ஒரு முறையும் அழுத்திப் பார்த்து, பழுதுற்றவற்றின்மேல் காகிதத் துண்டால் அடையாளமிட்டு வையுங்கள்.