அம்மா காட்டிய எட்டு விரல்கள்

வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவள் நான். பாட்டுக்குப் பாட்டு நேயர்களுக்கு மணி சொல்வேன். அந்த நான்தான், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை நான்கு நாள் அலமாரியிலேயே வைத்திருந்தேன்.

அம்மாவின் மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. இனி கீமோதெரபி பயன் தராது என்றதும் கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். ஹோஸ்பிஸ் தாதி வீடு தேடி வருவார் என்றதற்கே, "அப்போ கைவிட்டுட்டாங்களா?" என்று அழுதார் ஈப்போவிலிருந்து வந்திருந்த பெரியம்மா. மருந்துப் போத்தலில் 'மோர்ஃபின்' என்று இருந்ததைப் பார்த்ததும் அழுகை கோபமானது. "இதைக் கொடுத்தா ஆளு போயிடும். கடைசி நேரத்துக்குத்தான் இதெல்லாம்."

ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவள், எத்தனையோ டாக்டர்களைப் பேட்டி எடுத்தவள். ஆனாலும் பெரியம்மா சொன்னதைத்தான் நம்பினேன். அம்மாவிடம் கேட்டால், "லேசா வலிக்குது, பரவாயில்லை" என்பார். எனக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்தது.

ஐந்தாம் நாள் தாதி வந்தார். மலாய்க்காரப் பெண்மணி. போத்தலைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டும் குறையவில்லை. என்னை ஒன்றும் சொல்லாமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "சாக்கிட் தாக், ஆன்ட்டி?" என்றார். வலி பத்துக்கு எத்தனை என்று விரலால் காட்டச் சொன்னார். அம்மா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு எட்டு விரல்களைக் காட்டினார்.

சமையலறையில் நின்றபடி தாதி எனக்கு விளக்கியதை இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் பெரியம்மாக்கள் நிறைய. மோர்ஃபின் ஆளை முடிக்கிற மருந்தல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள வலி மருந்து. சிறிய அளவில் தொடங்கி, வலிக்கேற்ப டாக்டர் கூட்டுவார். வலி ஏறிய பிறகு கொடுப்பதைவிட, ஏறாதபடி மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் குறையாது, அதற்கும் கூடவே மருந்து உண்டு.

லண்டனில் 1967இல் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹோஸ்பிஸைத் திறந்த டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் வலியுறுத்திய முறை இது. இங்கே 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளின் வீட்டுக்கே போய்க் கட்டணமில்லாமல் பார்க்கிறது. நோய் முற்றும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சிகிச்சை நடக்கும்போதே வலிநிவாரணப் பராமரிப்பைக் கேட்கலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

மருந்து கொடுத்த மூன்றாம் இரவு அம்மா விடியும்வரை தூங்கினார். எழுந்து, தலையைப் பின்னிவிடச் சொன்னார். மீன்குழம்பு கேட்டார், இரண்டு வாய்தான் சாப்பிட்டார், அதிலும் புளி போதவில்லை என்று குறை. நகை யாருக்கு, எந்தச் சேலையை உடுத்தி அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எட்டு விரல் வலியில் அவரால் இதைப் பேசியிருக்க முடியாது. பிறகு ஏழு வாரம் இருந்தார்.

காரியம் முடிந்த மறுவாரம், இரவல் கட்டிலைத் திரும்பக் கொடுப்பது பற்றிப் பேச அதே தாதி வந்தார். பெரியம்மா அவருக்குத் தேநீர் கலந்து கொடுத்தார்.