போர் விளையாட்டுக்கான ஜப்பானிய வானூர்தி மாதிரிகள்

போர் விளையாட்டுக்கான ஜப்பானிய வானூர்தி மாதிரிகள் என்பவை, இரண்டாம் உலகப் போர்க்கால வான்சண்டைகளை மேசை மீது விதிகளின்படி ஆடிப் பார்ப்பதற்காகக் கட்டி வண்ணம் தீட்டப்படும் சிறிய வானூர்தி உருக்கள் ஆகும். அலமாரியில் வைக்கப்படும் காட்சி மாதிரிகளிலிருந்து இவை நோக்கத்தில் வேறுபடுகின்றன. காட்சி மாதிரியைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பர். விளையாட்டு மாதிரியோ, மேசையின் மறுபுறம் நிற்பவருக்கும் எந்த வானூர்தி, எந்தத் தரப்பு, எந்த அணி என்று உடனே தெரியும்படி இருக்க வேண்டும். பலமுறை கையால் எடுத்து நகர்த்தினாலும் அது உடையக்கூடாது. ஜப்பானிய வானூர்திகளைப் பொறுத்தவரை இதனுடன் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 1945 இல் ஜப்பான் சரணடைந்தபோது படைத்துறை ஆவணங்கள் பெருமளவில் எரிக்கப்பட்டன. இதனால் பல வானூர்திகளின் சரியான வண்ணம் இன்றும் விவாதத்துக்கு உரியதாகவே உள்ளது.

இரு படைகள்

போர்க்கால ஜப்பானில் தனி வான்படை இருக்கவில்லை. கடற்படையும் தரைப்படையும் தத்தமக்கென வானூர்திப் பிரிவுகளை வைத்திருந்தன. இரண்டின் வானூர்திகளும், வண்ணங்களும், குறியிடும் முறைகளும் வெவ்வேறானவை. சீரோ எனப்படும் மிட்சுபிசி ஏ6எம் கடற்படையின் சண்டை வானூர்தி. அதனுடன் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் நகாஜிமா கி-43 ஹயபுசா தரைப்படையுடையது. நேச நாட்டு வானோடிகள் பலர் ஹயபுசாவைக் கண்டு சீரோ என்று அறிக்கை எழுதினர். விளையாட்டாளரும் அதே தவறைச் செய்யாமலிருக்க, முதலில் தாம் ஆடவிருக்கும் சண்டையில் எந்தப் படை பங்கேற்றது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரிடும் முறை இதற்கு ஓரளவு உதவும். ஜப்பானியப் பேரரசு ஆண்டின் இறுதி இலக்கங்களே வானூர்தியின் வகை எண்ணாக அமைந்தன. பேரரசு ஆண்டு 2600, அதாவது 1940 இல் ஏற்கப்பட்டதால் சீரோ "வகை 0" ஆயிற்று. 1941 இல் ஏற்கப்பட்ட ஹயபுசா "வகை 1" ஆகும். 1939 ஐக் குறிக்கும் "வகை 99" ஐச்சி டி3ஏ பாய்ந்து குண்டுவீசும் வானூர்தியைக் குறிக்கும். நேச நாடுகள் 1942 முதல் சண்டை வானூர்திகளுக்கு ஆண் பெயர்களையும் குண்டுவீச்சு வானூர்திகளுக்குப் பெண் பெயர்களையும் சூட்டின. சீரோவுக்கு சீக், ஹயபுசாவுக்கு ஆஸ்கர், டி3ஏ வானூர்திக்கு வால் என்பன அவை. விளையாட்டு விதிநூல்களில் இப்பெயர்களும் கலந்து வருகின்றன.

அளவு விகிதம்

நெகிழிக் காட்சி மாதிரிகளில் 1/72 பரவலான அளவாகும். இதில் 12 மீட்டர் இறக்கை நீளமுள்ள முற்காலச் சீரோ ஏறத்தாழ 167 மில்லிமீட்டர் இருக்கும். இருபது வானூர்திகள் மோதும் சண்டைக்கு இது மிகப் பெரிது. எனவே விளையாட்டாளர்கள் 1/144, 1/200, 1/285, 1/300, 1/600 ஆகிய சிறிய அளவுகளை நாடுகின்றனர். அதே சீரோ 1/144 இல் 83 மில்லிமீட்டரும், 1/200 இல் 60 மில்லிமீட்டரும், 1/600 இல் வெறும் 20 மில்லிமீட்டரும் ஆகும். 2018 இல் வெளிவந்த பிளட் ரெட் ஸ்கைஸ் விளையாட்டு 1/200 அளவைக் கொண்டது. 1/285, 1/600 அளவுகளில் வார்ப்பு உலோக உருக்களே மிகுதி.

அளவு குறையக் குறைய வண்ணத்தை விட வடிவமே முக்கியமாகிறது. இதற்குப் போர்க்காலத்திலேயே ஒரு சான்று உண்டு. 1942 இல் அமெரிக்கக் கடற்படை, வானூர்திகளை அடையாளம் காணும் பயிற்சிக்காக 1/72 அளவில் ஐந்து இலட்சம் மாதிரிகளைப் பள்ளி மாணவர்களிடம் செய்து தரக் கேட்டது. ஜப்பானிய வானூர்திகள் உட்பட அவை அனைத்தும் கறுப்பு வண்ணம் பூசப்பட்டன. 35 அடி தொலைவில் வைத்த அத்தகைய மாதிரி, ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மை வானூர்தியின் தோற்றத்தைத் தரும். வண்ணமும் குறியும் இல்லாமலே அதனை அடையாளம் காணப் பழகுவதே அப்பயிற்சியின் நோக்கம்.

கட்டுதல்

நெகிழி மாதிரியின் துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, நெகிழிப் பசையால் ஒட்டுவர். உலோக உருவில் வார்ப்பு அச்சின் இணைப்புக் கோட்டை மெல்லிய அரத்தால் நீக்கிய பின், சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். கழுவாமல் விட்டால் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை பின்னர் வண்ணத்தை உரித்துவிடும். உலோகத்துக்கு உடனடிப் பசை பயன்படுகிறது.

விளையாட்டுக்கெனக் கட்டும்போது சில பகுதிகளை விட்டுவிடுவதே நல்லது. வானூர்தி எப்போதும் பறக்கும் நிலையிலேயே இருப்பதால் சக்கரங்கள் தேவையில்லை. வானலைக் கம்பம் போன்ற ஊசி முனைகள் முதல் ஆட்டத்திலேயே ஒடிந்துவிடும். காற்றாடியின் தகடுகளுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் சிறு வட்டத் தகட்டை ஒட்டுவோரும் உளர். ஆனால் எந்தச் சிறிய அளவிலும் விடக்கூடாத ஒன்று இறக்கை முனையின் வடிவம் ஆகும். சீரோவின் 21 ஆம் மாதிரிக்கு வட்ட முனை. 32 ஆம் மாதிரிக்குச் சதுரமாக வெட்டிய முனை. 52 ஆம் மாதிரிக்கு மீண்டும் வட்ட முனை, ஆனால் இறக்கை ஒரு மீட்டர் குறைவு. விதிநூல்கள் இம்மூன்றுக்கும் வெவ்வேறு திறன் எண்களைத் தருவதுண்டு. ஆகவே இது வெறும் அழகுச் சிக்கல் அன்று.

சீரோவின் நிறம்

1941-42 காலச் சீரோவை எந்த நிறத்தில் தீட்டுவது என்பது இத்துறையின் நெடுநாள் வழக்கு. முன்னாளைய பெட்டிப் படங்களும் திரைப்படங்களும் அதனை வெள்ளையாகவோ வெளிர்சாம்பலாகவோ காட்டின. 1942 சூன் 4 அன்று அலாஸ்காவின் டச்சு ஆர்பர் தாக்குதலின்போது ததயொசி கோகா என்னும் வானோடியின் சீரோ அகுத்தான் தீவில் விழுந்தது. ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்த அதனை அமெரிக்கர் செப்பனிட்டுப் பறந்து சோதித்தனர். ஆனால் அதற்குமுன் தங்கள் வண்ணத்தைப் பூசிவிட்டனர். எஞ்சியவை சிதைந்த வானூர்திகளின் தகட்டுத் துண்டுகளே. அவற்றை ஆராய்ந்தோர், மூல வண்ணம் பளபளப்பான சாம்பலில் பழுப்பும் பச்சையும் இழையோடியது என்றும், வெயிலிலும் உப்புக்காற்றிலும் மேற்பரப்பு வெளுத்துச் சுண்ணாம்பு பூத்ததுபோல் மாறியதே வெளிர்சாம்பல் என்ற எண்ணத்துக்குக் காரணம் என்றும் கருதுகின்றனர். போர்க்கால ஜப்பானியக் கடற்படை ஆவணம் ஒன்றும் இந்நிறத்தை, அமெஇரோ பக்கம் சற்றே சாய்ந்த சாம்பல் என்கிறது. அமெஇரோ என்பதற்கு மிட்டாய் நிறம் என்று பொருள். காய்ச்சிய சர்க்கரைப் பாகின் நிறத்தை நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே மஞ்சள்கலந்த சாம்பல் சரியா, வெளிர்சாம்பல் சரியா என்று கேட்டால், தொழிற்சாலையிலிருந்து வந்த புதிய வானூர்திக்கு முன்னதும், சில மாதம் வெயிலில் கிடந்ததற்குப் பின்னதும் பொருந்தும் எனலாம். விளையாட்டு மாதிரிக்கு இது வசதியாகவே அமைகிறது. சிறிய உருவில் அடர்வண்ணம் இருண்டு தோன்றும் என்பதால், எந்த வண்ணத்தையும் சிறிது வெள்ளையோ சாம்பலோ கலந்து வெளிறச் செய்து பூசுவது வழக்கம். பழுப்புச் சாம்பலை அடிவண்ணமாகப் பூசி, மேற்புறத்தில் மட்டும் வெளிர்சாம்பலை உலர்தூரிகையால் லேசாகத் தடவினால் இரு தரப்பாரும் குறை சொல்ல இயலாது.

1943 நடுப்பகுதியிலிருந்து சண்டை வானூர்திகளின் மேற்பகுதி கரும்பச்சையாயிற்று. இங்கு ஒரு நுட்பம் உண்டு. சீரோவை வடிவமைத்தது மிட்சுபிசி நிறுவனம் ஆயினும், கட்டப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீரோக்களில் பாதிக்கும் மேல் நகாஜிமா தொழிற்சாலையில் உருவானவை. பச்சையும் சாம்பலும் சந்திக்கும் கோடு நகாஜிமாவில் இறக்கையின் பின்புறத்திலிருந்து கிடைவாலை நோக்கி வளைந்து மேலேறும். மிட்சுபிசியில் ஏறக்குறைய நேராக வாலின் கீழ்வரை ஓடும். 1/200 அளவில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். 1/600 இல் அதற்காக மெனக்கெடத் தேவையில்லை.

செவ்வட்டம்

ஹினொமரு எனப்படும் செவ்வட்டம் இறக்கைகளின் மேலும் கீழும், உடற்பகுதியின் இருபக்கங்களிலும் ஆக ஆறு இடங்களில் வரும். போரின் தொடக்கத்தில் தரைப்படை வானூர்திகளில் பொதுவாக உடற்பகுதி வட்டம் இருக்கவில்லை. நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாள்கள் கிடைப்பின் அவற்றைப் பயன்படுத்துவது எளிது. இல்லையெனில் தட்டையான முனையுடைய குச்சி ஒன்றை வண்ணத்தில் தோய்த்து நேராக ஒற்றி எடுத்தால் ஒழுங்கான வட்டம் கிடைக்கும். தூரிகையால் வட்டம் வரைய முயல்வது பெரும்பாலும் முட்டை வடிவில் முடியும். குருதி போன்ற கருஞ்சிவப்பை விடச் சற்றே ஒளிர்ந்த சிவப்பே பச்சையின் மீது எடுப்பாகத் தெரிகிறது.

இவ்வட்டத்தின் தாக்கம் எதிர்த்தரப்பு மாதிரிகளிலும் உண்டு. செவ்வட்டத்தோடு குழம்பித் தம்மவரையே சுட்டுவிடுவர் என்பதால், அமெரிக்கா 1942 மே மாதத்தில் தன் நட்சத்திரக் குறியின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை நீக்கியது. பிரித்தானியரும் இந்திய-பர்மா முனையில் தம் வட்டக்குறியிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டனர். எனவே ஆடும் சண்டையின் தேதியே இருதரப்புக் குறிகளையும் தீர்மானிக்கிறது.

திருகோணமலைத் தாக்குதல் ஓர் எடுத்துக்காட்டாக

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும், ஏப்ரல் 9 அன்று திருகோணமலையையும் ஜப்பானியக் கடற்படை வானூர்திகள் தாக்கின. அன்று சீனன்குடா தளத்திலிருந்து எழுந்த ஆரிக்கேன் சண்டை வானூர்திகள் அவற்றை எதிர்கொண்டன. எர்மீசு என்னும் பிரித்தானிய வானூர்தி தாங்கிக் கப்பல் அதே நாளில் கிழக்குக் கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இதனை மேசையில் ஆட விரும்புவோருக்குத் தேதி அறிவு மிகவும் தேவைப்படுகிறது.

பேர்ள் துறைமுகத் தாக்குதலில் ஆறு தாங்கிக் கப்பல்கள் பங்கேற்றன. அவற்றில் காகா இந்தியப் பெருங்கடலுக்கு வரவில்லை. மற்ற ஐந்தின் வானூர்திகள் உடற்பகுதிப் பட்டையால் அறியப்பட்டன. அகாகிக்கு ஒரு சிவப்புப் பட்டை, சோரியூவுக்கு ஒரு நீலம், ஹிரியூவுக்கு இரண்டு நீலம், சோகாகுவுக்கு ஒரு வெள்ளை, சுயிகாகுவுக்கு இரண்டு வெள்ளை. வாலில் ஏஐ, பிஐ, பிஐஐ, ஈஐ, ஈஐஐ என்னும் குறிகள் முறையே வரும். இரண்டு சிவப்புப் பட்டையுள்ள சீரோவைத் திருகோணமலையின் மேல் பறக்கவிட்டால் அது காகாவின் வானூர்தி ஆகிவிடும். பல பெட்டிகளில் அதற்குரிய டெக்கால் தாளே வருவதால் இத்தவறு எளிதில் நேர்கிறது.

இதேபோல், இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள் அடையாளப் பட்டை தீட்டுவது பலருக்குப் பழக்கம். அது 1942 இன் பிற்பகுதியில்தான் வழக்கிற்கு வந்தது. ஏப்ரல் சண்டைக்குப் பொருந்தாது. சீரோவின் எந்திர மூடி மட்டும் நீலம் கலந்த கறுப்பாகத் தீட்டப்பட வேண்டும். நகாஜிமா பி5என் வானூர்திகளுக்குப் பெரும்பாலும் மேற்புறப் பச்சை ஏற்றது. எதிரே வரும் ஆரிக்கேன்களின் வட்டக்குறியில் அப்போது சிவப்பு நடு இருந்தது. மேசையில் இருதரப்பிலும் சிவப்பு தெரிவதால், பட்டைகளைச் சற்றே தடிப்பாகத் தீட்டுவது ஆட்டத்துக்கு உதவும். அளவு மிகையாவது இங்கு பொறுத்துக்கொள்ளத்தக்கதே.

தரைப்படை வானூர்திகள்

தரைப்படைப் பிரிவு ஒவ்வொன்றும் வாலில் தனக்கெனச் சின்னம் கொண்டிருந்தது. உள்ளணிகள் அச்சின்னத்தின் நிறத்தால் வேறுபட்டன. 64 ஆம் பிரிவின் சாய்ந்த அம்பு நன்கு அறியப்பட்டது. பிரிவுத் தலைவர் ததேயோ கத்தோ 1942 மே மாதம் வங்காள விரிகுடாவின் மீது உயிரிழந்தார். போர்முனை வானூர்திகளின் பின்னுடலில் வெள்ளைப் பட்டையும், பிற்காலத்தில் தாயகக் காவல் வானூர்திகளில் செவ்வட்டத்தின் பின்னணியாக அகன்ற வெள்ளை வாரும் இடம்பெற்றன.

இவற்றுள் பல வானூர்திகள் வெறும் உலோக நிறத்தில் வந்து, களத்தில் அவசரமாகப் பச்சைத் திட்டுகள் தெளிக்கப்பட்டவை. அடிப்பூச்சு இல்லாததால் வண்ணம் விரைவில் உரிந்தது. இதனைக் காட்ட, முதலில் வெள்ளி வண்ணம் பூசி, அதன் மீது பச்சையைக் கிழிந்த நுரைப்பஞ்சுத் துண்டால் ஒற்றியெடுத்தால் உரிந்த தோற்றம் தானே வரும். கவாசாகி கி-61 ஹியென் வானூர்திக்கு இம்முறை மிகவும் பொருந்தும். ஜெர்மானிய எந்திரத்தைத் தழுவிய நீர்க்குளிர் எந்திரம் கொண்டிருந்ததால் அதன் மூக்கு கூர்மையானது. மேசையில் பிற ஜப்பானிய வானூர்திகளோடு அது குழம்புவதே இல்லை.

மேற்பூச்சும் தாங்கியும்

டெக்கால் காய்ந்தபின், மங்கலான வார்னிஷ் ஒரு கையும், விரல் படும் இடங்களில் இரண்டாம் கையும் பூசப்படுகின்றன. உருவின் அடியில் துளையிட்டு ஒளி ஊடுருவும் தண்டில் பொருத்துவர். துளையைப் புவியீர்ப்பு மையத்துக்கு நேர்கீழே இடாவிட்டால் கனமான உலோக உரு மூக்கு குப்புறச் சாயும். சிறு காந்தம் பதித்தால் வானூர்தியைத் திருப்பவும் சாய்க்கவும் இயலும். தண்டின் நீளமோ அடித்தட்டில் வைக்கும் பகடையோ பறக்கும் உயரத்தைக் காட்டும். அணி எண்ணை அடித்தட்டின் பின்விளிம்பில் எழுதி வைப்பது வழக்கம். எதிராளியின் கண்ணுக்கு அது படாது. ஆடுபவருக்கு மட்டும் தெரியும்.