பாட்டுக்கு எழுந்து போகிறவன்

கொட்டகைக் குறிப்புகள் - 12

எங்கள் ஊர்க் கொட்டகையில் பாட்டு ஆரம்பித்தால் பாதிப் பேர் வெளியே போவார்கள். நானும் போவேன். டீ குடித்துவிட்டு வந்தால் கதை விட்ட இடத்திலேயே நிற்கும். அப்படி வளர்ந்தவனுக்கு இசைப்படம் என்றாலே ஒரு விலகல். சென்ற வாரம் எழுதிய 'செர்பூர் குடைகள்' படத்தில் பெட்ரோல் பங்க்கில்கூடப் பாடித்தான் பேசுவார்கள். ரசித்தேன், மயங்கவில்லை. மயக்கியது 2007-இல் வெளியான அயர்லாந்துப் படம் 'ஒன்ஸ்'.

டப்ளின் நகரின் கிராஃப்டன் வீதி. கிட்டார் பெட்டியைத் திறந்து வைத்துப் பாடுகிறான் ஒருவன். பகலில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, ராத்திரியில் சொந்தப் பாட்டு. தெரியாத பாட்டுக்குப் பகலில் யார் காசு போடுவார்கள்? பிழைப்புக்கு அப்பாவின் கடையில் வேக்வம் கிளீனர் ரிப்பேர். பூ விற்கும் செக் நாட்டுப் பெண் ஒருத்தி நின்று கேட்கிறாள். மறுநாள் பழுதான வேக்வம் கிளீனரைக் கன்றுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். இருவருக்கும் படம் முழுக்கப் பெயரே கிடையாது.

அவளிடம் பியானோ இல்லை. மதிய இடைவேளையில் ஓர் இசைக்கருவிக் கடைக்காரர் வாசிக்க விடுகிறார். அங்கே அவன் தன் பாட்டை அவளுக்குச் சொல்லித் தருகிறான்: இந்த இடத்தில் இந்த ஸ்வரம், இங்கே மாறும். அவள் தயங்கித் தயங்கித் தொடுகிறாள். பிறகு குரலும் சேர்கிறது. வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் பாட்டு முடியும்போது இரண்டு பேர் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டுவிட்டார்கள். அந்தச் சில நிமிடம் டீக்குப் போயிருந்தால் எனக்குப் படமே இல்லை.

இயக்குநர் ஜான் கார்னி முன்பு 'தி ஃப்ரேம்ஸ்' குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். நாயகன் கிளென் ஹேன்சார்ட் அதே குழுவின் பாடகர், பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு இதே டப்ளின் தெருக்களில் பாடியவர். சுமார் 1,12,000 யூரோ செலவு, 17 நாள் படப்பிடிப்பு. தெருக்காட்சிகளைத் தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தார்கள்; கடந்து போகிறவர்களில் பலருக்குப் படம் எடுக்கிறார்கள் என்பதே தெரியாது. இந்தப் படத்தில் வறுமை அலங்காரமாக உட்காரவில்லை என்றால் காரணம் அதுதான். மகளின் உண்டியலிலிருந்து சில்லறை எடுத்து பேட்டரி வாங்கி, காதில் ஹெட்போனோடு, தெருவிளக்குகளுக்குக் கீழே அவன் தந்த மெட்டுக்கு வார்த்தைகளைப் பொருத்திப் பாடிக்கொண்டே அந்தப் பெண் வீடு திரும்பும் காட்சியை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

கடைப் பாட்டுக்கு 2008-இல் ஆஸ்கர் கிடைத்தது. அவளாக நடித்த மார்கெத்தா இர்க்லோவாவுக்கு அப்போது வயது 19. அவர் பேசும் முன்பே இசை எழும்பிவிட, விளம்பர இடைவேளைக்குப் பிறகு திரும்ப மேடைக்கு அழைத்துப் பேச விட்டார்கள். அந்தப் படத்துக்குப் பொருத்தமான மரியாதைதான்.

முத்தம் இல்லை. கடலோரத்தில் நடக்கும்போது, பிரிந்திருக்கும் கணவனைப் பற்றி, "இன்னும் அவனைக் காதலிக்கிறாயா?" என்று அவளிடமே கற்ற அரைகுறை செக்கில் கேட்கிறான். அவள் செக்கில் இரண்டே சொல் சொல்கிறாள். அவனுக்குப் புரியவில்லை. திரையில் சப்டைட்டிலும் கிடையாது. படம் முடிந்தபின் தேடிப் பார்த்தேன். நம்மிடம் அதற்கு 'தான்' என்று ஓர் எழுத்துக் கூட்டு இருக்கிறது. உன்னைத்தான், என்று சொல்லியிருக்கிறாள்.

(தொடரும்)