தலைநகர வானில் தொலைந்துபோன விண்மீன்கள்

புது தில்லி: ஜந்தர் மந்தர் என்றதும் ஆர்ப்பாட்டங்களும் முழக்கங்களுமே நினைவுக்கு வரும். தமிழக விவசாயிகள் 2017-இல் மண்டை ஓடுகளுடன் போராடியதும் இங்குதான். ஆனால், நாடாளுமன்றத்துக்கு அருகிலுள்ள இந்த இடம் உண்மையில் ஒரு வானாய்வுக்கூடம். மன்னர் சவாய் ஜெய்சிங் 1724-ஆம் ஆண்டு வாக்கில் எழுப்பியது. இங்கு தொலைநோக்கி கிடையாது. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பெருங்கருவிகளின் துணையுடன், வெறும் கண்ணாலேயே விண்ணை அளந்தனர்.

இன்று அதன் அருகே இரவில் நின்று அண்ணாந்து பார்க்கும் மாணவருக்குத் தென்படுபவை விரல்விட்டு எண்ணத்தக்க விண்மீன்களே. தெருவிளக்குகளும் விளம்பரப் பலகைகளும் உமிழும் ஒளி, தூசியிலும் புகையிலும் பட்டுச் சிதறி வானத்தை வெளிறச் செய்துவிடுகிறது.

என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் வெளியிட்ட 6-ஆம் வகுப்பு அறிவியல் பாடநூல், சப்தரிஷி மண்டலத்தையும் துருவ நட்சத்திரத்தையும் வானில் தேடிப் பார்க்கச் சொல்கிறது. பெருநகர மாணவர்கள் எங்கே போய்த் தேடுவர்?

தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்று கருதலாகாது. உருவத்தைப் பெரிதாக்குவதைவிட ஒளியைத் திரட்டுவதே அதன் முதற்பணி. இருளில் நன்கு விரிந்த கண்ணின் பாவை சுமார் 7 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. 2 மீட்டர் அகலமுள்ள ஆடி அதைப்போல் ஏறத்தாழ 80 ஆயிரம் மடங்கு ஒளியைத் திரட்டும். ஆனால், விண்மீன் ஒளியுடன் நகரத்தின் சிதறொளியையும் சேர்த்தே அது திரட்டும் என்பதுதான் சிக்கல்.

அந்த ஒளியில் அடங்கியுள்ள செய்திகளோ ஏராளம். விண்மீனின் நிறம் அதன் வெப்பநிலையைச் சொல்லும். செந்நிறத் திருவாதிரையின் மேற்பரப்பு, சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சூரியனைவிடக் குளிர்ந்தது. கார்த்திகை விண்மீன்கள் சுமார் 440 ஒளியாண்டு தொலைவில் உள்ளன. இன்று நம் கண்ணை எட்டும் அவற்றின் ஒளி புறப்பட்டபோது தில்லியை ஆண்டவர் அக்பர். கலிலியோ தொலைநோக்கியை வானை நோக்கித் திருப்பியது அதற்குப் பின்னர், 1609-இல்தான்.

இருளைக் காக்க இயலும் என்பதற்கு லடாக்கின் ஹான்லே சான்று. சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி இயங்கும் இப்பகுதி, 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வெளி விளக்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கிராமத்தினருக்கே சிறிய தொலைநோக்கிகள் வழங்கி, வருவோருக்கு வானத்தைக் காட்டவும் பயிற்சி அளித்துள்ளனர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் மற்றொரு பெரிய தொலைநோக்கி, 1986 முதல் நமது ஜவ்வாது மலையின் காவலூரில் உள்ளது. அதற்கும் இருளே மூலதனம்.

நீர் மாசைத் தடுக்க 1974-லும், காற்று மாசைத் தடுக்க 1981-லும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஒலி மாசுக்கு 2000-இல் விதிகள் வந்தன. ஒளி மாசுக்கு மட்டும் தனியாக மத்தியச் சட்டம் எதுவும் இல்லை.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு. அதற்கான முதல் பாடசாலை வானம். தெருக்களை இருளாக்குமாறு யாரும் கேட்கவில்லை. விளக்குகளுக்கு மூடியிட்டு, ஒளியைத் தரையை நோக்கித் திருப்பினாலே பாதி வானம் மீளும். ஜந்தர் மந்தரில் ஒலிக்கும் கோரிக்கைகளுள் இதற்கும் ஓரிடம் உண்டு.