சிறுவர் வகுத்த சட்டம்

ஒரு வகுப்பில் நாற்பது மாணாக்கர் ஒருங்கிருந்து கற்க வேண்டுமாயின் அவர்க்கென ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். அவ்வொழுங்கை அமைப்போர் யார் என்னும் இடத்திலேயே கருத்து வேறுபாடு தோன்றுகிறது. ஆசிரியர் விதிப்பார், மாணாக்கர் அடங்கி நடப்பர் என்பது பழைய முறை. மாணாக்கரையும் உடன் வைத்துக்கொண்டு விதிகளை வகுப்பது பிற்காலத்தில் பல நாடுகளிலும் பரவிய முறை. பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியர் கரும்பலகையின் அருகே நின்று, “நம் வகுப்பு நன்கு நடைபெறுவதற்கு என்னென்ன விதிகள் வேண்டும்?” என்று வினவுவார். மாணாக்கர் ஒவ்வொருவராக எழுந்து விடை கூறுவர். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடலாகாது என்பான் ஒருவன். பிறர் பொருளைக் கேளாமல் எடுக்கலாகாது என்பாள் ஒருத்தி. இவ்வாறு பத்து விதிகள் திரண்டுவிடும். அவற்றை வண்ண மையால் எழுதிச் சுவரில் ஒட்டுவர். அனைவரும் அதன் அடியில் கையொப்பமும் இடுவர்.

இரண்டு திங்கள் கழிந்தபின் அந்தத் தாளை ஏறெடுத்துப் பார்ப்பவர் இலர். இஃது ஏன்? மாணாக்கர் கூறிய விதிகள் பெரும்பாலும் ஆசிரியர் கேட்க விரும்பிய விதிகளே என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. விதி வகுத்த அன்று கேட்கப்படாமற்போன வினாக்கள் இரண்டு. விதியை ஒருவன் மீறினால் அதனை ஆராய்ந்து தீர்ப்பவர் யார் என்பது முதல் வினா. மீறியவர் ஆசிரியரேயானால் என் செய்வது என்பது இரண்டாம் வினா. இவ்விரண்டிற்கும் விடை காணாத வரையில், சுவரில் உள்ளது சட்டம் ஆகாது; சட்டத்தின் படமே ஆகும்.

இவ்வினாக்களுக்கு அஞ்சாமல் விடை காண முயன்ற இல்லம் ஒன்று போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவில் இருந்தது. பெற்றோரை இழந்த யூதச் சிறுவர்க்கென 1912ஆம் ஆண்டு குரோக்மல்னா வீதியில் 92ஆம் எண்ணுள்ள மனையில் அது திறக்கப்பெற்றது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் ஏறத்தாழ நூற்றுவர் அதில் வாழ்ந்தனர். அதனை நடத்தியவர் யானுஷ் கொர்ச்சாக் என்பவர். அப்பெயர் அவர் எழுத்துலகில் பூண்ட புனைபெயர். ஹென்றிக் கோல்ட்ஷ்மிட் என்பதே இயற்பெயர். குழந்தை மருத்துவத்தில் தேர்ந்து, மருத்துவமனையில் நற்பெயர் ஈட்டியவர். நோயைத் தீர்த்து அனுப்பிய குழந்தை மீண்டும் வறுமைக்கும் புறக்கணிப்புக்குமே திரும்புகிறது என்பதைக் கண்டு மனம் வருந்தி, மருத்துவமனையை விட்டு இல்லத்திற்கு வந்தார். ஸ்டெபானியா வில்ச்சின்ஸ்கா என்னும் அம்மையார் அவருக்குத் துணைநின்றார். இல்லத்தின் அன்றாட நடைமுறை இவ்வம்மையாரின் அயரா உழைப்பாலேயே நடந்தது என்பதை அவரைப் பற்றி எழுதுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

இல்லம் திறந்தவுடன் எல்லாம் இனிதாக அமைந்துவிடவில்லை. இடுக்கமான பழைய விடுதியிலிருந்து பெரிய புதிய மனைக்கு வந்த பிள்ளைகள் மகிழ்வர் என்று கொர்ச்சாக் எண்ணினார். அவர்களோ ஐயுற்றனர். புதிய விதி ஒவ்வொன்றையும் பகைவன் இட்ட கட்டளையாகக் கருதி, ஒன்றுகூடி எதிர்த்தனர். அவ்வோராண்டே தம் வாழ்வின் மிகக் கொடிய ஆண்டு என்று கொர்ச்சாக் பின்னாளில் எழுதினார். அன்பு மிக்க ஆசிரியர், அழகிய கட்டடம், ஆராய்ந்து செய்த விதிகள் ஆகிய அனைத்தும் இருந்தும் ஒழுங்கு அமையவில்லை. விதிகள் பிள்ளைகளுடையனவாக இல்லை என்பதே குறை.

அதன்பின் தோன்றியதே சிறுவர் நீதிமன்றம். அது நடந்த முறை எளியது. இல்லத்தில் அனைவர் கண்ணிலும் படும்படி ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. தனக்குத் தீங்கு நேர்ந்ததாக எண்ணும் பிள்ளை, தன் பெயரையும் தீங்கு செய்தவர் பெயரையும் அதில் எழுதலாம். எத்துணைச் சிறிய பிள்ளையும் எத்துணைப் பெரியவர் மீதும் வழக்குத் தொடுக்கலாம். தன்மீதே வழக்குத் தொடுத்துக்கொள்ளவும் இடம் உண்டு. தீர்ப்பு உரைக்கும் நாள் வாரத்திற்கு ஒருமுறை. இடையில் சினம் தணிந்து, “மன்னித்துவிட்டேன்” என்று வழக்கை விலக்கிக்கொள்வோர் பலர். எழுதுவதற்கும் தீர்ப்புக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாள்களே பாதி வழக்கைத் தீர்த்துவைத்தன எனலாம்.

நீதிபதிகள் ஐவர். அவ்வாரத்தில் தம்மீது வழக்கு ஏதும் இல்லாத பிள்ளைகளின் பெயர்களைத் திருவுளச்சீட்டாகக் குலுக்கி எடுப்பர். ஆகவே வலியவன், அறிவாளி, ஆசிரியர்க்கு இனியவன் என்னும் வேறுபாடு அங்கே செல்லாது. காப்பாளர் ஒருவர் செயலராக அமர்ந்து வாக்குமூலங்களை எழுதுவார். தீர்ப்பில் அவருக்கு வாக்கு இல்லை.

தீர்ப்புக்கு வழிகாட்டியாகக் கொர்ச்சாக் ஒரு சட்டத் தொகுப்பை எழுதினார். அதனை முதன்முறை படிப்பவர் வியப்படைவர். அதில் ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரையுள்ள விதிகளில் தண்டனை என்பதே இல்லை. அவை அனைத்தும் வழக்கைக் கைவிடுவதற்கோ மன்னிப்பதற்கோ உரிய காரணங்களையே கூறுகின்றன. அறியாமற் செய்தான், விளையாட்டாகச் செய்தான், இவ்வாறு முடியும் என்று அவனால் எண்ணியிருக்க இயலாது, செய்ததற்கு வருந்துகிறான். ஒருவனை மன்னிப்பதற்கு இத்தனை வழிகளை ஆராய்ந்து எண்ணிட்டு வைத்த சட்டநூல் வேறொன்று இருத்தல் அரிது. தமிழ் இலக்கண நூலார் விதிகளைக் கூறிப் பின்னர்ப் புறனடை கூறுவர். இங்கோ புறனடைகளே முன்னின்று, விதி பின்னே வருகிறது!

நூறாம் விதியில்தான் மன்றம் முதன்முறையாக மன்னிப்பை நிறுத்துகிறது. ‘குற்றஞ்சாட்டப்பெற்ற செயலை இவன் செய்தான்’ என்று கூறுவதோடு அவ்விதி அமைகிறது. அதன்பின் எண் நூறு நூறாகத் தாவும். இருநூறாம் விதி, அவன் செய்தது முறையன்று என்று கூறும். முந்நூறாம் விதி, தீது என்று கண்டிக்கும். ஐந்நூறுக்கு மேல் தீர்ப்பு இல்லத்தின் செய்தித்தாளில் வெளிப்படும். எழுநூறாயின் உறவினர்க்கும் அறிவிக்கப்படும். தொள்ளாயிரம் மிகக் கடுமையானது. மன்றம் அவன்மீது நம்பிக்கை இழந்துவிட்டது என்பது அதன் பொருள். எனினும் இல்லத்தில் ஒருவர் முன்வந்து, ‘இவனுக்கு நான் பிணை’ என்பாராயின் அவன் தங்கலாம். ஆயிரம் என்பது இல்லத்தை விட்டு நீக்குதல். அவ்வாறு நீக்கப்பட்டவனும் மூன்று திங்களுக்குப் பின், தன்னை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டலாம். பிரம்படி, பட்டினி, இருட்டறை ஆகியவற்றுக்கு இச்சட்டத்தில் எண்ணே இல்லை.

இவ்வளவு மன்னிப்பு எதற்காக என்று கேட்கலாம். சட்டத்தின் முன்னுரையில் கொர்ச்சாக் இதற்கு விடை கூறியுள்ளார். தவறியவன் திருந்துவதற்குக் காலம் வேண்டும். ஆதலின் மன்னித்தல் நன்று. ஆயினும் ஒழுங்கின்மையால் மிகுதியும் துன்புறுவோர் அமைதியான பிள்ளைகளும் கடமை தவறாத பிள்ளைகளுமே. அவர்களைக் காத்தற்கே மன்றம். இதுவே அவர் கருத்தின் சுருக்கம். வகுப்பறையில் பின்வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளையை மனத்திற்கொண்டு செய்த சட்டம் இது.

நீதிமன்றத்தைத் தொடர்ந்து இருபதின்மர் கொண்ட பாராளுமன்றமும் அமைந்தது. இல்லத்தின் விழா நாள்களை அது உறுதிசெய்தது. அவற்றுள் சில சுவையானவை. போலந்தில் டிசம்பர் 22ஆம் நாள் பகல் மிகக் குறுகியது. ‘இன்று எழுந்திருப்பதிற் பயனில்லை’ என்று அந்நாளில் விரும்பியவர் படுக்கையிலேயே கிடக்கலாம்! ஜூன் 22ஆம் நாள் இரவு மிகக் குறுகியது. அன்று உறங்கச் செல்லாமலே இருக்கலாம்! பிள்ளைகள் உண்மையிலேயே விரும்பும் விதிகளும் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதை இவை காட்டும்.

இல்லத்தில் கூலியாட்கள் ஒரு சிலரே. கூட்டல், துடைத்தல், கலம் கழுவுதல் முதலிய பணிகளைப் பிள்ளைகளே முறைவைத்துச் செய்தனர். பிற மனைகளில் இருண்ட மூலையில் ஒதுக்கப்படும் துடைப்பம், இங்கே உறங்கும் கூடத்தின் வாயிலில் மதிப்புடன் வைக்கப்பட்டது. புதிதாக வரும் பிள்ளைக்கு மூத்த பிள்ளை ஒருவர் மூன்று திங்கள் காவலர். இக்காவலர் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை போன்றவர் அல்லர். புதியவன் தவறினால் அதற்கு விடை கூற வேண்டியவர் அவரே. குறித்த காலம் சென்றபின் புதியவனைப் பற்றி அனைவரும் வாக்களிப்பர். விருப்புக்கு ஒரு சீட்டு, வெறுப்புக்கு ஒரு சீட்டு, இரண்டும் இன்மைக்கு ஒரு சீட்டு. இம்முறை ஓர் இளம்பிள்ளைக்குக் கடுமையானதாகத் தோன்றலாம். அவ்வாறு தோன்றுவது தவறும் அன்று. கொர்ச்சாக் செய்தவை அனைத்தும் பின்பற்றத் தக்கவை என்று கொள்ள வேண்டுவதில்லை.

மன்றமும் தொடக்கத்தில் தடுமாறியது. “உன்மீது வழக்கு எழுதிவிடுவேன்” என்பது சிலர் வாயில் அச்சுறுத்தலாயிற்று. சிறு பூசல்களும் பலகையை நிறைத்தன. எதைச் செய்தாலும் மன்னிப்புத்தானே என்று துடுக்கர் நகைத்தனர். நிலைமை முற்றவே கொர்ச்சாக் மன்றத்தை நிறுத்திவைத்தார். சிலர் மகிழ்ந்தனர், சிலர் அஃது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இருந்தனர், வேறு சிலரோ, “மன்றம் மீண்டும் எப்போது கூடும்?” என்று கேட்டனர். நான்கு வாரங்களுக்குப் பின் திருத்தங்களுடன் அது மீண்டும் கூடியது. தீர்ப்பில் மனநிறைவு பெறாதவர் ஒரு திங்கள் கழித்து மறுவிசாரணை கோரலாம் என்பது ஒரு திருத்தம். இல்லத்தின் பணியாளர்மீதும் வழக்குத் தொடுக்கலாம் என்பது ஐயத்திற்கு இடமின்றி உறுதிசெய்யப்பட்டது. இலக்கியத்தினின்றே இலக்கணம் தோன்றும் என்பர் தமிழ்ப் புலவர். வாழ்ந்து பார்த்துத் தவறிய பின்னரே இச்சட்டமும் சட்டமாயிற்று.

முப்பது ஆண்டுகள் இவ்வில்லம் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் நாசிப் படையினர் வார்சாவைக் கைப்பற்றி, 1940ஆம் ஆண்டு இறுதியில் யூதர்களை மதிலுக்குள் அடைத்தபோது, இல்லமும் குரோக்மல்னா வீதியை விட்டு மதிலுக்குள் செல்ல நேர்ந்தது. 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் திரெப்ளிங்கா என்னும் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தாம் மட்டும் தப்புவதற்கு வாய்ப்புகள் வந்தும் கொர்ச்சாக் அவற்றை ஏற்கவில்லை, அம்மையாரும் அவ்வாறே. இருவரும் பிள்ளைகளோடு சென்றனர். ஒருவரும் திரும்பவில்லை.

அவர் கருத்துகள் அழியவில்லை. குழந்தைகளின் உரிமைகளுக்கு உலக உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று 1978ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையில் முன்மொழிந்த நாடு போலந்தே. அவ்வுடன்படிக்கை 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஏற்கப்பெற்றது. இந்தியா 1992ஆம் ஆண்டு அதில் இணைந்தது. தம்மைப் பற்றிய பொருள்களில் தம் கருத்தைக் கூறும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்றும், அவர்தம் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது.

தொடக்கத்தில் எழுந்த இரண்டாம் வினாவுக்கு விடை இன்னும் கூறப்படவில்லை. ஆசிரியரே விதியை மீறினால் என் செய்வது? இதற்கு விடையைக் கொர்ச்சாக் தம் நூலில் தாமே எழுதி வைத்துள்ளார். அரையாண்டுக் காலத்தில் ஐந்து முறை அவர் தம்மீதே வழக்குத் தொடுத்துக்கொண்டார். ஒரு சிறுவனைச் செவியில் அறைந்தது ஒன்று. ஒருவனை உறங்கும் கூடத்திலிருந்து வெளியேற்றியது ஒன்று. ஒருவனை மூலையில் நிறுத்தியது ஒன்று. ஒரு நீதிபதியை இழிவாகப் பேசியது ஒன்று. ஒரு சிறுமியைத் திருடியதாக ஐயுற்றது ஒன்று. இச்சில வழக்குகளே தம்மைப் புதியதோர் ஆசிரியராக ஆக்கின என்பது அவர் கொள்கை. ஆசிரியர் குழந்தைகள்பால் அன்புடையவராதலின் அவர்களுக்குத் தீங்கு செய்யமாட்டார் என்பது அவருக்குப் போதவில்லை. அன்பு ஒருநாள் தவறினும், அவர்களைக் காப்பதற்கு ஒரு மன்றம் இருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார். அந்த ஐந்து வழக்கிலும் நடந்ததைத் தம் கையால் எழுதி நீதிபதிகளாகிய பிள்ளைகளிடம் அளித்து, மற்றவர்களைப் போலவே தீர்ப்புக்குக் காத்திருந்தார்.